எட்டு ஜிபி இருக்கிறதா, இல்லையா?

காவேரிப்பட்டணம் போகும் சாலையில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கணினிகள் மொத்தம் 23. பிரிண்டர், கேமரா, எடைமேடை, சில நாள் முதலாளி வீட்டு டிவி ஆகியவையும் என் கணக்கில்தான் வரும். பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்பே கொள்முதல் கணக்குக்குப் புது மென்பொருள் போட்டுவிடுவது என்று இந்த ஆண்டு முடிவானது. அதை விற்ற நிறுவனம் முன்கூட்டியே ஒரு சோதனை நிரலை அனுப்பியது. ஒவ்வொரு கணினியிலும் ஓட்டிப் பாருங்கள், 8 ஜிபி நினைவகம் (ரேம்) கட்டாயம் என்றார்கள்.

ஓட்டினேன். கணக்குப் பிரிவின் பதினொரு கணினிகளிலும் சிவப்பு எழுத்தில் ஒரே பதில்: நினைவகம் 1 ஜிபி, போதாது.

முதலாளி என் பின்னால் நின்றிருந்தார். "தம்பி, எட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறோம். ஒன்றைச் சொருகி அனுப்பிவிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே கிருஷ்ணகிரியில் கணினி வாங்கிய கடைக்கு போன் போடப் போனார். ஒரு நாள் பொறுங்கள் என்று தடுத்துவிட்டேன். கடைக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. கணினியின் பண்புகள் பக்கத்தில் '8.00 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 7.88 ஜிபி' என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் முதலாளிக்குத் திரையில் பார்த்தது போதாது. எல்லாக் கணினிக்கும் சேர்த்துத் தாளில் வேண்டும்.

எதையும் புதிதாக நிறுவாமல் எல்லா விண்டோஸ் கணினியிலும் ஓடக்கூடியது என்று வி.பி.ஸ்கிரிப்ட் என்ற பழைய நிரல்மொழியைக் கையில் எடுத்தேன். கணினியின் விவரங்களைச் சொல்லும் விண்டோஸ் வசதியான டபிள்யூ.எம்.ஐ.யில் 'வின்32 பிசிக்கல்மெமரி' என்று கேட்டால் ஸ்லாட்டில் இருக்கும் ஒவ்வொரு ரேமின் கொள்ளளவையும் பைட் கணக்கில் தரும். கூட்டினால் தீர்ந்தது. கூட்டினேன். வந்த விடை: 42949672964294967296.

"இது எந்த வங்கிக் கணக்கு எண்?" என்று கேட்டார் கணக்குப் பிரிவு அக்கா.

உற்றுப் பார்த்தால் 4294967296 என்ற எண்ணே இரண்டு முறை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 4 ஜிபி ரேம் இரண்டு. வி.பி.ஸ்கிரிப்டுக்கு 64 பிட் முழு எண் தெரியாது, அதனால் டபிள்யூ.எம்.ஐ. அந்த எண்ணை எழுத்துச் சரமாகக் கொடுக்கிறது. கூட்டும் மாறிக்கு நான் தொடக்கத்தில் 0 கூடப் போட்டு வைக்கவில்லை. சரத்தோடு சரம் சேர்ந்தால் கூட்டல் ஏது, ஒட்டல்தான். 'சிடபிள்' போட்டு எண்ணாக மாற்றியதும் 8,58,99,34,592 வந்தது. அக்கா அதையும் விடவில்லை: "எட்டரைக்கு மேல் வருகிறதே, கூடுதலாகக் கொடுத்துவிட்டானா?" 1024-ஐ மூன்று முறை பெருக்கினால் ஒரு ஜிபி என்று சொல்லி, கால்குலேட்டரில் எட்டால் வகுத்துக் காட்டினேன். 1,07,37,41,824 வந்ததும்தான் நம்பினார். இதே வேலையை விண்டோஸின் இன்னொரு கட்டளை மொழியான பவர்ஷெல் ஒரே வரியில், எண்ணை எண்ணாகவே கொண்டு செய்துவிடும். எனக்கு அது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

ரேம் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அப்படியானால் அந்தச் சோதனை நிரல் 1 என்று எங்கிருந்து எடுத்தது? அது ஜாவாவில் எழுதியது. நானும் ஐந்து வரி ஜாவா எழுதி, ஜாவா நிரலை ஓட்டும் ரன்டைமின் 'மேக்ஸ்மெமரி' என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1.97 ஜிபி. 7.88-ஐ நாலால் வகுத்துப் பாருங்கள். ஜாவா தன் நிரல்களுக்கு, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், கணினியின் நினைவகத்தில் கால் பங்கைத்தான் உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளும். அந்த வரம்பைக் கேட்டு வாங்கி, அதுவே கணினியின் மொத்த நினைவகம் என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று கேட்டதற்கு, தட்டில் போட்ட சோற்றைக் காட்டிய மாதிரி. 1.97 எப்படி 1 ஆனது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஜாவாவில் சரியான எண்ணுக்கும் வழி உண்டு. 'ஆபரேட்டிங்சிஸ்டம் எம்எக்ஸ்பீன்' என்பதன் 'கெட்டோட்டல் பிசிக்கல்மெமரிசைஸ்' கணினியின் மொத்தத்தைத் தரும்; ஜாவா 14 முதல் அதன் பெயர் 'கெட்டோட்டல் மெமரிசைஸ்'. இதை விவரமாக எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பொருத்திய அளவு, விண்டோஸ் கையாளும் அளவு இரண்டும் அருகருகே வர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. தருமபுரியில் பாலிடெக்னிக் படித்தபோது கற்ற சி மொழியைத் தூசி தட்டினேன். விண்டோஸ் கையாளும் அளவைச் சொல்லும் 'குளோபல்மெமரி ஸ்டேட்டஸ் இஎக்ஸ்' முதல் முறை எல்லாவற்றுக்கும் பூஜ்யம் கொடுத்தது. அழைப்பதற்கு முன், பதிலை வாங்கிக்கொள்ள நாம் நீட்டும் பெட்டியான ஸ்ட்ரக்சரின் அளவை 'டிடபிள்யூலெங்த்' என்ற இடத்தில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வேலையே செய்யாது. அதைச் சரிசெய்து, பொருத்திய அளவுக்கு 'கெட்பிசிகலி இன்ஸ்டால்டு சிஸ்டம்மெமரி'யை அழைத்தேன். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் எழுதி வைத்திருக்கும் பட்டியலைப் படித்து, கேபி கணக்கில் இது பதில் சொல்லும். 83,88,608 கேபி. பைட்டாக்க 1024-ஆல் பெருக்கினேன். மறுபடியும் பூஜ்யம்! விடையை 32 பிட் மட்டுமே கொள்ளும் 'இன்ட்' மாறியில் போட்டிருந்தேன். 8 ஜிபியின் பைட் எண்ணிக்கை இரண்டின் 33-ஆம் அடுக்கு. அதன் கடைசி 32 பிட்டும் பூஜ்யம்தான். ஏதாவது தாறுமாறான எண் வந்திருந்தால் உடனே பிடித்திருப்பேன். சுத்தமாகப் பூஜ்யம் வந்ததால், அழைப்புதான் தோற்றுவிட்டது என்று அரை மணி நேரம் வேறெங்கோ தேடினேன்.

அதன் பிறகு மற்றக் கணினிகளின் சுற்று வேகமாக முடிந்தது. எடைமேடைக் கணினியில் பழைய 32 பிட் விண்டோஸ் 7. பொருத்தியது 4 ஜிபி, கையாள்வது 3.24. 32 பிட் முகவரிகளின் மேல் பகுதியைக் கிராபிக்ஸ் முதலான சாதனங்கள் பிடித்துக்கொள்வதால் வரும் குறை அது. லினக்ஸ் சர்வரில் 'மெம்இன்ஃபோ' கோப்பின் முதல் வரியைப் பைத்தானால் படித்தேன். 16 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. லினக்ஸின் உட்கருவான கெர்னல் தனக்கென ஒதுக்கியது போக மீதி. முதலாளியின் 16 ஜிபி மடிக்கணினியில் வேடிக்கைக்காகப் பிரவுசரிலும் ஜாவாஸ்கிரிப்டின் 'டிவைஸ்மெமரி'யைக் கேட்டேன். 8 என்றது. கணினியை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று பிரவுசர் வேண்டுமென்றே தோராயமாக்கி, உச்சம் வைத்துச் சொல்கிற எண் அது. இதை முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடியும் கடைக்குப் போன் போயிருக்கும்.

குளிர்கிடங்குக் கணினி மட்டும் இடித்தது. எட்டு வர வேண்டிய இடத்தில் 41,94,304 கேபி, அதாவது பாதி. எல்லா மொழியும் அங்கே ஒரே பதிலைச் சொன்னதால், குறை நிரலில் இல்லை. சிபியுவைத் திறந்தேன். இரண்டாவது ரேமின் ஒரு பக்கக் கொக்கி மேலே தூக்கி நின்றது. ரேமைக் கழற்றி, கணக்குப் பிரிவு அக்காவிடம் பென்சில் ரப்பர் வாங்கி, தங்க நிறப் பற்களைத் தேய்த்தேன். ரப்பர் கறுத்துப்போனது. இரண்டு பக்கமும் 'டக்' என்று ஒலி கேட்கும்வரை அழுத்திவிட்டு நிரலை ஓட்டினால் 83,88,608.

தாளைப் பார்த்த முதலாளி, "அப்படியானால் கடைக்காரன் ஏமாற்றவில்லை" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

ஒரு வாரம் கழித்து நிறுவனம் திருத்திய சோதனை நிரலை அனுப்பியது. ஓட்டினேன். மறுபடியும் சிவப்பு எழுத்து: நினைவகம் 7 ஜிபி, போதாது. 7.88-ஐ முழு எண்ணாக வகுத்து, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்திருக்கிறார்கள். அன்று 1.97 ஏன் 1 ஆனது என்பது இப்போது புரிந்தது. போனில் கூப்பிட்டு, எட்டு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், ஏழு இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். எதிர்முனையில் இருந்த பையன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், ஆவணத்தில் எட்டு என்றுதானே போட்டிருக்கிறது?" என்று கேட்டான்.