போஸ்கோ குரினுக்குப் போனால் அந்த மர வீட்டுக்குள் போகாமல் திரும்பாதீர்கள்

சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலம் என்றாலே இத்தாலிய மொழிதான். ஆனால் மாஜா பள்ளத்தாக்கின் கிளை ஒன்றில், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் போஸ்கோ குரினில் மட்டும் பரம்பரையாக ஜெர்மன் பேசுகிறார்கள். அந்த மாநிலத்தில் இப்படி வேறு ஊர் கிடையாது. சூரிச்சில் வேலை பார்த்து சுவிஸ் ஜெர்மன் பழகிய எனக்கே, இரண்டு மூதாட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டது பாதிகூடப் பிடிபடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் இன்னொரு சுவிஸ் மாநிலமான வாலிஸ் பக்கமிருந்து மலை தாண்டி வந்து குடியேறிய வால்சர் மக்களின் பேச்சு அது. 1253இலேயே அங்கே அவர்களுக்கு ஒரு தேவாலயம் இருந்திருக்கிறது.

வீடுகளுக்கு அடிப்பாகம் கல், மேலே வெயிலில் கறுத்துப்போன மரம். தானியக் களஞ்சியங்களைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். குட்டையான மரக்கால்கள், ஒவ்வொரு காலின் தலையிலும் அகலமான தட்டைக் கல், அதற்கு மேல்தான் அறை. காலில் ஏறிவரும் எலி அந்தக் கல்லோடு நின்றுவிடும். பனிக்காலம் முழுவதற்குமான தானியம் உள்ளே இருக்கும்போது, அந்தக் கல்தான் வீட்டின் காவல்.

1386ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு வீட்டை 1938இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். அதன் சுவரில் சின்னதாக ஒரு மரக்கதவு உண்டு. வீட்டில் யாராவது இறந்தால், உயிர் வெளியே போவதற்காக அதைத் திறப்பார்களாம், போனதும் சாத்திவிடுவார்களாம். மற்ற நாட்களில் அதை யாரும் தொடுவதில்லை. 1695இல் பனிச்சரிவில் 34 பேர், 1749இல் 41 பேர் என்று பறிகொடுத்த ஊர் இது. அந்தக் கணக்கைப் படித்த பிறகு, அந்தச் சின்னக் கதவை என்னால் வெறும் காட்சிப்பொருளாகப் பார்க்க முடியவில்லை.

அப்புறம், சுவிஸில் இருக்கும் நம் சமையலறைகளிலும் அடிக்கடி தென்படும் க்னோர் நிறுவனத்தின் சிவப்பு உடைக் குட்டி மனிதன் இருக்கிறானே, அவனை 1948இல் வரைந்த ஹான்ஸ் தோமாமிஷெல் இந்த ஊரில் பிறந்தவர். ஊர்ச் சுவர்களிலும் அவர் கைவண்ணத்தைப் பார்க்கலாம்.

இன்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர்தான். பிள்ளைகளுக்குக் கீழே பள்ளத்தாக்கில் இத்தாலிய மொழியில்தான் பள்ளிக்கூடம். என் பிள்ளைகளைச் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறவள் நான். தங்கள் ஜெர்மன் பேச்சை இந்த ஊர்க்காரர்கள் எப்படிக் காப்பாற்றப் போகிறார்கள் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

லொகார்னோவிலிருந்து செவியோ வரை ஒரு பேருந்து, அங்கிருந்து மலையேற இன்னொன்று. பனிக்காலத்தில் சறுக்க வருகிறவர்கள் நிறைய. ஆனால் அப்போது அருங்காட்சியகம் மூடியிருக்கும். கோடையில் போங்கள். ஐம்பது பேர் உள்ள ஊர் இவ்வளவையும் பேணி வருகிறது, நுழைவுச்சீட்டுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.