சிலிக்கான் சுத்தமானால் மட்டும் கியூபிட் நிலைக்காது

சிலிக்கானில் அடைத்த எலெக்ட்ரானின் ஸ்பின்னை (அதன் நுண்ணிய காந்தத் தன்மையை) குவாண்டம் கணினியின் தகவல் அலகாக்குவதுதான் சிலிக்கான் ஸ்பின் கியூபிட். அதைப் பற்றி என்றதும் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு) பற்றித்தான் பேச்சு தொடங்கும். அது நியாயம்தான். இயற்கைச் சிலிக்கானில் 4.7 சதவீதம் சிலிக்கான்-29. அதன் அணுக்கருவுக்கு ஸ்பின் உண்டு. அந்த ஸ்பின்கள் திசை மாறும்போதெல்லாம் குவாண்டம் டாட் என்ற நானோமீட்டர் அளவுச் சிறையில் அடைபட்ட எலெக்ட்ரானின் ஸ்பின் அதிர்வெண் நகர்கிறது. ஒத்திசைவு நேரம், அதாவது கியூபிட் தன் குவாண்டம் நிலையை இழக்காமல் இருக்கும் காலம், ஒரு மைக்ரோநொடியை ஒட்டியே நின்றுவிடுகிறது. சிலிக்கான்-29ஐ 800 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் அணுக்களில் 800) குறைத்த வேஃபரில் (சிலிக்கான் தகட்டில்) 2014இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு 120 மைக்ரோநொடி எட்டியது. காலியம் ஆர்சனைடு என்ற இன்னொரு குறைக்கடத்திக்கு இந்த வழியே இல்லை. அதில் ஸ்பின் இல்லாத நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூடக் கிடையாது.

இவ்வளவு சுத்தம் செய்த பிறகும் மிஞ்சுவது மின்னூட்ட இரைச்சல். இன்று அதிகக் கவனம் கேட்பது இதுதான். சிலிக்கான் படிகம் ஒழுங்கற்ற ஆக்சைடைத் தொடும் எல்லையில் சில அணுக்களின் பிணைப்பு துணையின்றி நின்றுவிடுகிறது. அங்கே மின்னூட்டம் சிக்கும், விடுபடும், மறுபடி சிக்கும். டாட்டை உருவாக்கும் கேட் மின்முனைகளின் வோல்டேஜை யாரும் தொடாதபோதும் டாட் இம்மியளவு நகரும். பக்கத்தில் மைக்ரோமேக்னட் (இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புலம் தரும் சிறு காந்தம்) இருந்தால் அந்த நகர்வு நேராக அதிர்வெண் மாற்றமாகிவிடும். 2018இல் ஜப்பானின் ரிக்கென் குழு சுத்தச் சிலிக்கானில் கியூபிட் செயல்பாட்டில் 99.9 சதவீதத் துல்லியம் காட்டியபோதும் ஒத்திசைவு நேரம் 20 மைக்ரோநொடிதான். அது மேலும் நீளாமல் தடுத்தது மின்னூட்ட இரைச்சலே.

நைட்ரஜனில் சுமார் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து, 400 டிகிரி செல்சியஸில் 15 முதல் 30 நிமிடம் ஆனீல் செய்தால் (சூட்டில் பதப்படுத்தினால்) துணையற்ற பிணைப்புகளில் பெரும்பாலானவற்றை ஹைட்ரஜன் அடைத்துவிடும். இதை எப்போது செய்கிறோம் என்பது முக்கியம். எலெக்ட்ரான் கற்றையால் வரைவதும், எலெக்ட்ரான் கற்றை கொண்டே உலோகத்தை ஆவியாக்கிப் படியவைப்பதும் ஆக்சைடில் மின்னூட்டம் சிக்கும் புதிய பொறிகளை உண்டாக்கும். ஆகவே அவை எல்லாம் முடிந்தபின் ஆனீல் செய்யுங்கள். குளிர்விக்கப் போகும் சாதனத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்கவே வேண்டாம். அதே வேஃபரின் இன்னொரு துண்டை எடுங்கள்.

வேஃபரைத் தேர்ந்தெடுக்கும்போது உச்ச மொபிலிட்டியை (எலெக்ட்ரான் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவை) நம்பி ஏமாறுவோர் அதிகம். எலெக்ட்ரான் அடர்த்தி கூடும்போது குறைகள் மறைக்கப்பட்டு அந்த எண் அழகாகத் தெரியும். கியூபிட்டோ ஒற்றை எலெக்ட்ரானில் ஓடுவது. கடத்தல் தொடங்கும் குறைந்தபட்ச அடர்த்தியைப் பாருங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு 10,000 கோடி என்ற அளவில் இருந்தால் அது நல்ல ஆக்சைடு.

சிலிக்கான்-ஜெர்மேனியம் அடுக்குகளில் ஆக்சைடு தள்ளி இருப்பதால் இரைச்சல் தணியும். ஆனால் அங்கே வேறொரு தொல்லை. அடுக்குகளின் எல்லையில் ஜெர்மேனியம் அணுக்கள் தாறுமாறாக அமர்வதால் சிலிக்கானில் எலெக்ட்ரான் இருக்கக்கூடிய இரு ‘வேலி’ (valley, பள்ளத்தாக்கு) நிலைகளுக்கு இடையிலான ஆற்றல் இடைவெளி டாட்டுக்கு டாட் மாறும். ஒன்றில் சில பத்து மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட், அடுத்ததில் 200. ஒரு டெஸ்லா காந்தப்புலத்தில் ஸ்பின்னின் இரு நிலைகளுக்கு இடையிலான ஆற்றல் இடைவெளி சுமார் 116. இரண்டும் ஒத்துப்போகும் டாட்டில் ஸ்பின் மளமளவென்று தளர்ந்துவிடும். காந்தப்புலம் எல்லா டாட்டுக்கும் பொது என்பதால் ஒன்றுக்காக மாற்றினால் இன்னொன்று சிக்கிக்கொள்ளும். முதலில் பக்கத்துக் கேட்டுகளின் வோல்டேஜை மாற்றி, அந்த ஒரு டாட்டை மட்டும் சில நானோமீட்டர் தள்ளிப் பாருங்கள்.