தாம்பரத்தில் இறங்குவதா, எழும்பூர் வரை போவதா?

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் விழுப்புரம் வழியாகச் சென்னைக்கு ரயிலில் போகிற நம்மவர்களில் பலர், வேலை கிண்டியிலோ சைதாப்பேட்டையிலோ இருந்தாலும், எழும்பூர் வரை போய்த்தான் இறங்குகிறார்கள். அது வீண் அலைச்சல் என்பதே என் உறுதியான கருத்து. கிண்டி, சைதாப்பேட்டை வழியாகச் சென்னைக் கடற்கரை நிலையத்துக்குச் செல்லும் மின்சார ரயில்கள் பல தாம்பரத்திலிருந்தே புறப்படுவதால், அங்கே மாறினால் காலை நெரிசலிலும் உட்கார இடம் கிடைக்க வாய்ப்புண்டு. குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டுவதற்குள் நிற்கிறவர்களின் முதுகுப்பைகள் முகத்தில் இடிக்கத் தொடங்கிவிடும் என்பதால், சன்னலோர இருக்கையைப் பிடிப்பது நல்லது. கோயம்பேட்டுக்கோ அண்ணா நகருக்கோ போகிறவர்கள் பரங்கிமலையில் பச்சை வழித்தட மெட்ரோவுக்கு மாறலாம். அண்ணா சாலைக்கு என்றால் கிண்டியில் நீல வழித்தடம். பெரிய மூட்டைகளோடு வயதானவர்களையும் அழைத்துச் செல்கிறவர்களுக்கு மட்டும் எழும்பூரையே சொல்வேன். தாம்பரத்து நடைமேம்பாலப் படிகள் அவர்களைப் படுத்தி எடுத்துவிடும்.