ஒன்பது ஓட்டை ஜீப்

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒட்டுப்பால் மூட்டை சுமந்தே தேய்ந்துபோன ஜீப் அது. முன் கிரில்லை எண்ணினேன்: ஒன்பது ஓட்டை. பின்னால் வந்த சிவில் ஜீப்புக்கு ஏழுதான். இரண்டாம் உலகப் போர்க்கால வண்டியேதான்!

அந்தப் போருக்கு வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் இதே ஜீப்பைச் செய்தன. இது வில்லிஸா, ஃபோர்டா? ரேடியேட்டருக்குக் கீழே குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். குனிந்து பார்த்த மேஸ்திரி, “குழாய்தான் மக்கா” என்றார்.

அறுபது குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜினை யாரோ கழற்றி டீசல் இன்ஜின் மாட்டியிருக்கிறார்கள். அது தனிக்கதை. இப்போதைக்குப் பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலை. மஞ்சள், நீலம், அப்புறம் ஒரு சிவப்பு பிரைமர். டாஷ்போர்டு மூலையில் நேற்று ராத்திரி விரல்நகம் அளவுக்கு ராணுவப் பச்சை தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் பெயின்ட் அடிக்காமல் விடப்போகிறேன்.