எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்தால் வேலை கிடைக்குமா? சேருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டிகிரி ரிசல்ட் வரும் நேரத்தில் ஜூனியர்கள், சொந்தக்காரப் பிள்ளைகள் என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "அக்கா, எம்.எஸ்.டபிள்யூ. சேரலாமா, வேலை கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை நாளைக்கு நிலைக்கும் என்பதெல்லாம் நீங்கள் எடுக்கும் ஸ்பெஷலைசேஷனையும், களப்பணிக்கு எங்கே போனீர்கள் என்பதையும் பொறுத்தது. மதிப்பெண் அதற்கு அடுத்துதான்.

பி.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி இளங்கலை) முடித்திருக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலான கல்லூரிகளில் எந்த டிகிரியும் போதும். என்னோடு தமிழ் இலக்கியம் படித்தவர்களும் கணிதம் படித்தவர்களும் இருந்தார்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். வக்கீலுக்கு பார் கவுன்சில், நர்ஸுக்கு நர்சிங் கவுன்சில் இருப்பது மாதிரி சமூகப் பணிக்கென்று இந்தியாவில் தனி கவுன்சில் கிடையாது. அதனால் 'சோஷியல் ஒர்க்கர்' என்று விளம்பரம் வந்தால் சமூகவியல், உளவியல் படித்தவர்களும் நமக்குப் போட்டியாக வருவார்கள், பல இடங்களில் வெறும் டிகிரியே போதும் என்று போட்டிருப்பார்கள். இது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இப்போதைய நிலைமை இதுதான்.

சீக்கிரம் சம்பளம் வேண்டும், வீட்டில் கடன் இருக்கிறது என்றால் மனிதவள ஸ்பெஷலைசேஷன் எடுங்கள், அதில் தப்பே இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நலவாழ்வு அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்று இருந்தது, 2020-இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 250 ஆகக் குறைந்திருக்கிறது. ஒரகடம், ஓசூர், கோவை, திருப்பூர் பக்கம் ஆள் எடுப்பது இந்த வழியில்தான். தொழிலாளர் சட்டம் கையில் இருந்தால் எம்.பி.ஏ. படித்தவரோடு தைரியமாகப் போட்டி போடலாம். நீங்கள் சேரும் கல்லூரியின் படிப்பு நலவாழ்வு அலுவலர் பதவிக்கு ஏற்கப்பட்டதா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மருத்துவம், மனநலம் எடுத்தால் பெரிய மருத்துவமனைகள், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு, போதை மறுவாழ்வு மையம், மாவட்ட மனநலத் திட்டம் என்று வழி இருக்கிறது. ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 'மனநல சமூகப் பணியாளர்' என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு அந்தப் பாடத்தில் இரண்டு வருட முழுநேர எம்.பில். முடித்தவரை. பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இதற்குப் பேர்போன இடம். எம்.பில். படிப்பையே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்த முடிவெடுத்த பிறகு இந்தப் பாடத்தில் மாற்றங்கள் நடந்துகொண்டிருக்கின்றன, ஆகவே அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டே திட்டம் போடுங்கள்.

குழந்தைகள் நலன்தான் என் மனதுக்கு நெருக்கமானது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் சமூகப் பணியாளருக்கு மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய் என்று தொகுப்பூதியம் வைத்திருக்கிறார்கள். ஒப்பந்த வேலை, வருடா வருடம் நீட்டிப்பார்கள். இந்தச் சம்பளத்தில் குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போகிறவருக்கு நடுராத்திரியிலும் போன் வரும். ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் நிறையப் பேர், நன்னடத்தை அலுவலர் மாதிரிப் பதவிகள் அந்த வழியாக வரும்போது இந்த அனுபவம் கைகொடுக்கும். விளம்பரம் மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கக் கொடுக்கும் அவகாசமும் அதிகம் இருக்காது, அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்டு நிறுவனம் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-இல் திருத்தி, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள், வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. சின்ன நிறுவனங்களில் ஆள் எடுப்பதில் இதன் அடி தெரிகிறது. இன்னொரு பக்கம், 2013 கம்பெனிகள் சட்டத்தால் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அங்கே திட்ட அறிக்கை, பட்ஜெட், எக்செல் தெரிந்தவருக்கு மதிப்பு. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பழக்கத்தை முதல் செமஸ்டரிலேயே ஆரம்பியுங்கள்.

களப்பணியைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் போகிறோம், கையெழுத்து வாங்குகிறோம், அறிக்கை எழுதுகிறோம் என்று ஓட்டிவிடும் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நான் களப்பணி செய்த மருத்துவமனையில் ஒரு காசநோயாளி மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டார், பதிவேட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், மனுஷர் விடிவதற்கு முன்பே செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுகிறார், மாத்திரை கொடுக்கும் இடம் திறப்பதோ ஒன்பது மணிக்கு. ஒரு நாள் கூலியை விட்டால்தான் மாத்திரை. அந்தத் தெருவிலிருந்த சுகாதாரப் பணியாளர் மூலமாகச் சாயங்காலம் கொடுக்க ஏற்பாடு செய்ததும் அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். என் அறிக்கையில் 'நோயாளி மனச்சோர்வுடன் இருந்தார்' என்ற வரியை மேற்பார்வையாளர் அடித்துவிட்டு, பக்கத்தில் 'அவர் என்ன சொன்னார்?' என்று எழுதினார். கேட்டதைக் கேட்டபடி எழுதுவது அப்படித்தான் வந்தது. பின்னாளில் நேர்முகத் தேர்வில் தியரி கேள்வி பேருக்குத்தான் இருந்தது, நீங்கள் கையாண்ட ஒரு கேஸைச் சொல்லுங்கள் என்றதும் இதைத்தான் சொன்னேன், அடுத்தடுத்த கேள்வியெல்லாம் அதிலிருந்தே வந்தன.

ஆசிரியர் பணி வேண்டுமானால் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டில் சமூகப் பணி தனிப் பாடமாகவே இருக்கிறது, இரண்டாம் வருடத்திலேயே எழுதிவிடலாம். ஏற்கெனவே தொண்டு நிறுவனத்தில் வேலையில் இருப்பவர்களுக்கு இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைதூர எம்.எஸ்.டபிள்யூ. பொருந்தும். புதிதாக வருகிறவர்கள் ரெகுலரில் சேருங்கள்.

எழும்பூரில் 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி, லயோலா, திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. மும்பை டிஸ்ஸில் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) இடம் கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்தத் துறையின் இரண்டாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், அங்கே படித்த மேற்பார்வையாளர் இருக்கிறாரா, போன பேட்ச் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.