தொட்டியை உடைத்தது ஸ்டாண்ட்தான்: மீன்தொட்டி மாற்றிய அனுபவம்

மீன்தொட்டியில் விரிசல் விட்டால் எல்லோரும் முதலில் கண்ணாடியைத்தான் குறை சொல்வார்கள். மெல்லிய கண்ணாடி போட்டுவிட்டான், ஒட்டியது சரியில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு, முதலில் தொட்டிக்குக் கீழே இருப்பதைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எங்களுடையது மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி. அதில் நான்கு கோல்ட்ஃபிஷ். சென்னையில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. ஸ்டாண்டின் மேல்பலகை ஓரத்தில் ஈரம் தெரிந்தபோது ஃபில்டர் குழாயிலிருந்து சொட்டியிருக்கும் என்றுதான் தோன்றியது. நன்றாகத் துடைத்துவிட்டு, தொட்டியின் நான்கு பக்கமும் காய்ந்த செய்தித்தாளை மடித்து வைத்தேன். பின்பக்க மூலையில் இருந்த தாள் மட்டும் நனைந்தது. மேலேயிருந்து சொட்டினால் தொட்டியின் வெளிச்சுவரிலும் ஈரத்தடம் இருக்கும். சுவர் காய்ந்தே இருந்தது. அப்படியென்றால் கசிவு அடியிலிருந்துதான்.

அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது பிளக்கைப் பிடுங்குவது. பம்ப், லைட், எல்லாமே. அப்புறம் தண்ணீரைக் குறைப்பது. பக்கக் கண்ணாடியைத் தள்ளும் விசை நீரின் ஆழத்தோடு இருமடி விகிதத்தில் கூடுகிறது. அதனால் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தாலே அந்தத் தள்ளுவிசை கால்வாசியாகிவிடும். அடிக்கண்ணாடி சுமக்கும் எடையும் பாதியாகும். மீனைப் பிடிக்க வலையைத் தேடுவதற்கு முன்னால் குழாயைப் போட்டு வாளிகளில் தண்ணீரை இறக்குங்கள். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டாம், மீன்களுக்கு வேண்டும்.

வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று இருந்தது. சோப்பு படாதது. பழைய தண்ணீரை அதில் ஊற்றி, மீன்களை விட்டு, ஏர் பம்பையும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் அதிலேயே போட்டேன். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது. மீன் கழிவில் வரும் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். கோல்ட்ஃபிஷ் அதிகம் கழிவு போடும் மீன் என்பதால் தீனியை வெகுவாகக் குறைத்தேன். தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரைச் சேர்த்தேன். மேலே கொசுவலை கட்டிவிட்டேன். மீன்கள் சோர்ந்துபோகாமல் இருந்ததால்தான் மற்ற வேலைகளை நிதானமாகச் செய்ய முடிந்தது.

கூழாங்கல்லை அள்ளி எடுத்ததும் விரிசல் தெரிந்தது. பின்மூலையிலிருந்து நடுவை நோக்கி மயிரிழை போல ஓடியிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. கசிவில் இரண்டு வகை உண்டு. இரு கண்ணாடிகள் சேரும் இடத்தில் சிலிக்கான் பசை விட்டிருந்தால், பழையதைப் பிளேடால் முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடலாம். காய்ந்த பழைய சிலிக்கான் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. அதனால் சுரண்டுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மீனுக்கு ஆகாது. ஆனால் கண்ணாடியிலேயே விரிசல் விட்டிருந்தால் கதை வேறு. உள்ளே ஒரு துண்டுக் கண்ணாடியை வைத்து ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்வதும் உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மொத்த எடையும் உட்காரும் கண்ணாடி அது. கீழ்வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது.

விரிசல் ஏன் வந்தது என்று தெரியாமல் புதுத் தொட்டி வாங்குவதில் அர்த்தமில்லை. காலி ஸ்டாண்டின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். பின்பக்க இடது மூலை தாழ்ந்திருந்தது. அடுத்து ஒரு நேரான அலுமினியச் சட்டத்தைப் பலகையின் மேல் குறுக்காக வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். நடுவில் சட்டம் ஒட்டி நின்றது, மூலைப் பக்கம் கீழே வெளிச்சம் தெரிந்தது. தொட்டியோடு சேர்த்துக் கடையில் கொடுத்த ஸ்டாண்ட் அது. மேல்பலகை மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஈரம் இறங்கி நடு உப்பிவிட்டது, மூலைக்குப் பிடிமானம் போய்விட்டது. கண்ணாடி வளையாது. அந்தரத்தில் நின்ற மூலையிலிருந்து விரிசல் விட்டுவிட்டது.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த அளவுத் தொட்டி 6.75 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 191 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டால்கூட 170 லிட்டர், அதாவது 170 கிலோ. 8 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் தொட்டி மட்டும் 33 கிலோ வரும். கூழாங்கல் 20 கிலோ. மொத்தம் 220 கிலோவுக்கு மேல். மூன்று பெரியவர்கள் அந்தப் பலகையில் இரவும் பகலும் இறங்காமல் நிற்பது போலத்தான். வீடுகளின் தளத்துக்குக் கட்டுமான விதிப்படி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு. அது தளம் முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு. இருந்தாலும் ஹாலின் நடுவில் வைக்காமல், பீம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பதென்று முடிவு செய்தேன்.

ரெடிமேட் ஸ்டாண்டுகளைத் தேடிப் பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தவை பெரும்பாலும் அதே பார்ட்டிகிள் போர்டு, மேலே மைக்கா ஒட்டியது. கடைசியில் பக்கத்துத் தெரு கிரில் பட்டறைக்கே போனேன். அங்கிருந்த அண்ணன், “மீன்தொட்டிதானம்மா, ஒரு இன்ச் ஆங்கிள் போதும், நாளைக்கே தர்றேன்” என்றார். எடையைச் சொன்னேன். “இருநூறு கிலோவா?” என்று கேட்டுவிட்டு, பேப்பரும் பென்சிலும் எடுத்தார். அதன் பிறகு அவர் காட்டிய அக்கறைக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும்.

ஒன்றரை அங்குலச் ஸ்கொயர் பைப், 2 மில்லிமீட்டர் தடிமன். நான் வற்புறுத்திச் சொன்னது ஒன்றுதான்: மேல்சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். காலின் பக்கவாட்டில் வைத்துப் பற்றவைத்தால் எடை முழுவதும் வெல்டிங்கில் தொங்கும். தலைமேல் உட்கார்ந்தால் எடை நேராகக் காலில் இறங்கித் தரைக்குப் போய்விடும். நடுவில் ஒரு குறுக்குச்சட்டமும், பின்பக்கம் சாய்வாக ஒரு தாங்கலும் சேர்த்தோம். பக்கவாட்டில் ஆடாமல் நிறுத்துவது அந்தச் சாய்வுத் தாங்கல்தான். பற்றவைக்கும்போது சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பதால், முதலில் அங்கங்கே டாக், அதாவது சின்னப் புள்ளி வெல்டிங், மட்டும் அடித்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பார்த்தார். இரண்டும் ஒரே அளவு வந்த பிறகே முழு வெல்டிங். காலடியில் திருகி ஏற்றி இறக்கும் போல்ட் வைத்தார். துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பின் எனாமல் பெயின்ட். மேலே 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட். மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறியீடான ஐஎஸ் 710 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கினேன், அதன் வெட்டு ஓரங்களுக்கும் பெயின்ட் அடித்தேன். ஓரம் வழியாகத்தான் ஈரம் ஏறும்.

தொட்டியைக் கொளத்தூரில் செய்யச் சொன்னேன். அலங்கார மீனுக்கு அந்தப் பகுதிதான் பெயர் போனது, சொன்ன அளவுக்குத் தொட்டி செய்து தரும் கடைகளும் அங்கே உண்டு. 8 மில்லிமீட்டர் கண்ணாடி, மேலே நீளவாக்கில் பட்டைக் கண்ணாடி. சிலிக்கானின் காடிவாசனை முழுவதும் போகும்வரை எடுத்துவர வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். எடுக்கும் முன் கடையிலேயே நீர் நிரப்பி ஒருநாள் வைத்திருந்து கசிவு பார்க்கச் சொன்னேன், செய்து வைத்திருந்தார்கள்.

வீட்டில் முதலில் காலி ஸ்டாண்டை ரசமட்டம் வைத்து, போல்ட்டைத் திருகிச் சரிசெய்தேன். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய தெர்மாகோல் ஷீட். இது மணல் துணுக்கு போன்ற சின்ன மேடுகளைத்தான் வாங்கிக்கொள்ளும், கோணலான ஸ்டாண்டைச் சரிசெய்யாது. அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிகளுக்கு இதைப் போடக்கூடாது. மட்டம் தப்பினால் ஸ்டாண்டின் காலுக்கடியில்தான் ஏற்ற இறக்கம் செய்ய வேண்டும். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் அட்டையைச் செருகினால் மறுபடி அதே விரிசல்தான்.

கால்வாசி நிரப்பி நிறுத்தினேன், பிறகு பாதி, பிறகு முழுசு. ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் விளிம்புவரை நான்கு மூலையிலும் ஸ்கேலால் அளந்தேன். தண்ணீரே நல்ல மட்டம்தான். பாதியில் ஒரு மூலை 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அந்த எடையோடு போல்ட்டைத் திருக முயலாமல், தண்ணீரை இறக்கிவிட்டுச் சரிசெய்தேன். நிரம்பிய பிறகு சுற்றிலும் மறுபடி செய்தித்தாள் மடித்து வைத்துக் காத்திருந்தேன். எல்லாம் காய்ந்தே இருந்தன.

அப்புறம் அதே ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தொட்டிக்கு மாற்றி, டப்பில் இருந்த தண்ணீரில் ஒரு பங்கையும் சேர்த்து, மீன்களை விட்டேன். தொட்டியைவிட ஸ்டாண்டுக்குத்தான் அதிகம் செலவானது. அந்த அண்ணனிடம் இப்போது என் தங்கையும் ஒரு ஸ்டாண்ட் சொல்லியிருக்கிறாள், நான்கடித் தொட்டிக்கு.