'இதர' என்று ஒரு கட்டம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கரையில் மீன் கணக்கெடுக்கும் ஒப்பந்த வேலைக்கு நான் சேர்ந்தது ஜூன் மாதம். ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. விசைப்படகுகள் முதல் பாடு முடிந்து திரும்பியபோது கரையில் கால் வைக்க இடமில்லை. எந்த மீன் எத்தனை கூடை, கூடைக்கு எத்தனை கிலோ என்று படிவத்தில் எழுத வேண்டும். கடல் உயிரியலில் முதுகலை முடித்தவன் நான். ஆனால் புத்தகப் படத்தில் இருக்கும் மீன் வேறு, ஐஸில் நசுங்கிக் கிடக்கும் மீன் வேறு.

படிவத்தின் கடைசியில் 'இதர' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நிறைய எழுதினால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அலுவலகத்தில் கண்டுபிடித்துவிடுவார்களே! அதனால் சந்தேகம் வந்ததையெல்லாம் குத்துமதிப்பாக ஏதோ ஒரு பெயரில் ஏற்றிவிடுவேன். இதில் அதிகம் மாட்டியது காரல்தான். வெள்ளிக் காசு மாதிரி தட்டையாக, தொட்டால் கையெல்லாம் கொழகொழக்கும் பொடிமீன். எல்லாக் காரலையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், கருவாட்டுக்கு மீன் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் ஒண்ணாவே எழுதுறீகளே தம்பி, வாயை இழுத்துப் பாத்தீகளா?"

ஒரு காரலை எடுத்து, நகத்தால் அதன் வாயை மெல்ல இழுத்தார். குழாய்போல நீண்டு கீழ்நோக்கி வளைந்தது. அடுத்ததை இழுத்தார், மேல்நோக்கி எழும்பியது. மூன்றாவது நேராக நீண்டது. உள்ளே ஊசி ஊசியாய்ப் பல். காரல் வகைகளைப் பிரித்தறியும் இதே மூன்று வரியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, "காரலின் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் உறுப்பு ஒன்று இருக்கிறது, அதில் குடியிருக்கும் பாக்டீரியாதான் வெளிச்சம் தருகிறது" என்று என் பங்குக்கு எடுத்துவிட்டேன்.

"ராத்திரியில வலை இழுக்கையில தண்ணி மினுமினுங்கும்னு ஆம்பளைக சொல்லுவாக. அது இதுதானா?"

"தெரியலக்கா. கேட்டுச் சொல்றேன்."

வேலைக்குச் சேர்ந்த பிறகு வாய்விட்டுச் சொன்ன முதல் 'தெரியல' அது. அவர் சரி என்று அடுத்த கூடையை இழுத்தார். அவ்வளவுதான் நடந்தது. இதற்கா ஒரு மாதம் பயந்தேன்?

அன்று மாலையே மேலதிகாரியிடம் பழைய படிவங்களைப் பற்றிச் சொன்னேன். திட்டினார், நியாயம்தான். காலியாக விட்ட இடத்தைப் பின்னால் யாராவது நிரப்பலாம். தப்பான பெயரோ கூட்டலில் கரைந்துவிடும், தேடிப் பிடிக்கவும் முடியாது. அப்புறம் 'இதர' கட்டத்தில் 'தெரியாதது 1', 'தெரியாதது 2' என்று எழுதி, படமும் எடுத்து வைக்க ஆரம்பித்தேன். காலையில் கரைக்குப் போகும்போது, இன்றைக்குப் புதிதாக எது வரும் என்று மனம் எதிர்பார்க்கவே தொடங்கிவிட்டது.

மறுநாள் அக்காவிடம் பதிலோடு போனேன். கடல் மினுங்குவது பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களால், காரலின் வெளிச்சம் வேறு என்றேன். அவர் கையிலிருந்த காரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இதை இருட்டுல வச்சுப் பாத்தா எரியுமா தம்பி?"

இரண்டு காரலைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குக் கிளம்பினேன்.